ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர்

மார்கழி வந்தால்தான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சத்தம் போடுவது தெரியும். மற்ற மாதமெல்லாம் தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும். அதன் காற்றுச் சத்தத்தில் எல்லாம் அமுங்கிவிடும். சென்னையில் விசிறியை நிறுத்திவிட்டு உட்கார முடிகிற நாட்கள் வருடத்துக்கு முப்பது நாற்பது தேறினால் அதிகம். அந்த நாட்களில், அதுவும் விடிகாலையில், மேஜைப் பக்கமிருந்து ‘ம்ம்ம்...’ என்று ஒரு முனகல் கிளம்பும்.

எனக்கு அது தொந்தரவாகவே பட்டதில்லை. நான் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுகிறவன். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால்தான் தூக்கம் கெடும், காதில் விழுவதெல்லாம் கணக்கில் வராது. மனைவி அப்படி இல்லை. அவள் பாட்டு சொல்லித் தருகிறாள். நியூஜெர்சியில் இரண்டு மாணவிகள். குளிர்காலத்தில் அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே விடிகாலை 4.30. வகுப்பு நடப்பது என் கம்ப்யூட்டரில், திரை பெரியது என்பதால்.

காணொளி வகுப்புச் செயலிகள் தம்புராவையும் இரைச்சல் என்று நினைத்து அறுத்துவிடும். அதனால் பாட்டு ஆசிரியர்கள் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிட்டு, ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்ற அமைப்பைப் போட்டுக்கொள்வார்கள். அப்படிப் போட்டால் தம்புராவோடு சேர்ந்து என் கம்ப்யூட்டரும் நியூஜெர்சிக்குப் போகும்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் சொன்னாள்: “ஏங்க, உங்க கம்ப்யூட்டர் முனகுறது ஆறரைக் கட்டையும் இல்ல, ஏழு கட்டையும் இல்ல. நடுவுல நிக்குது. இதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் ஸ்ருதி சேரலைன்னு குழந்தையைத் திட்டிட்டிருக்கேன்.”

கட்டை என்பது ஸ்ருதியின் உயரத்துக்குப் பாட்டுக்காரர்கள் சொல்லும் அளவு. சிரித்துவிட்டேன். ஆனால் வெகு நாள் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அதை அந்த இடத்தில் சொல்கிறேன். நடுவே நான் செய்த கூத்துகள் நிறைய.

முதலில் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு கடையில் மேஜைமேல் வைத்து ஓடவிட்டார்கள். தெருவில் ஆட்டோ ஹாரன், பக்கத்துக் கடையில் ஸ்பீக்கர் சோதனை, மேலே இரண்டு விசிறி. “எங்க சார் சத்தம்?” என்றார் கடைக்காரர். எனக்கே கேட்கவில்லை. வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று, “பவர் சப்ளை பழசாயிடுச்சு, அதுவாத்தான் இருக்கும்” என்று அதை மாற்றிக் கொடுத்தார். இரண்டாயிரத்துச் சொச்சம். வீட்டுக்கு வந்து விடிகாலையில் போட்டேன். அதே ‘ம்ம்ம்’. சத்தப் பிரச்சினையைக் கடைக்கு எடுத்துப் போவது வீண் வேலை என்பது அன்று புரிந்தது. சத்தம் உங்கள் அறையில்தான் இருக்கிறது. அங்கேயே, அந்த நேரத்திலேயே தேட வேண்டும்.

அடுத்தது பஞ்சு. ஒலிப்பதிவுக் கூடங்களின் சுவரில் முட்டை அட்டை மாதிரி மேடுபள்ளமாக ஒட்டியிருப்பார்களே, அந்தப் பஞ்சில் ஓர் அங்குலக் கனத்தில் வாங்கி வந்து கேபினெட்டின் உட்புறமெல்லாம் ஒட்டினேன். பெட்டி உள்ளே பட்டு மெத்தை விரித்தது போல இருந்தது. சும்மா இருக்கும்போதே புராசஸர் சூடு 8 டிகிரி ஏறியது. சூடு ஏறியதால் விசிறி வேகமெடுத்தது. முனகல் போகாமல் கூடவே ஒரு ‘ஹுஸ்ஸ்’ஸும் சேர்ந்துகொண்டது. பஞ்சு ஏன் வேலை செய்யவில்லை என்பதும் எளிய கணக்குதான். என் முனகல் நொடிக்கு 120 முறை அதிர்வது என்று பின்னால் தெரிந்தது. அப்படிப்பட்ட ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் கால் பங்குக்காவது, அதாவது முக்கால் மீட்டர் கனத்துக்காவது பஞ்சு இருந்தால்தான் அந்த அலையைச் சரியாக விழுங்கும். ஓர் அங்குலப் பஞ்சு கீச்சுக் குரல்களை அடக்கும், முனகலை ஒன்றும் செய்யாது. பஞ்சைப் பிய்த்தேன். பசை இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பின்பக்க விசிறி லேசாக அரைப்பது போலத் தோன்றியது. நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிரித்து ஒரு சொட்டு எண்ணெய் விடலாம் என்று எங்கோ கேட்டிருந்தேன். கைக்கு எட்டிய தூரத்தில் தேங்காய் எண்ணெய் இருந்தது. விட்டேன். அப்படியே வழுக்கிக்கொண்டு ஓடியது. பங்குனி, சித்திரை, ஆடி எல்லாம் நன்றாகவே போயிற்று. மறு மார்கழியில் ஒரு விடிகாலை சுவிட்சைப் போட்டதும் ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம், வகுப்பில் இருந்த குழந்தை அங்கே அலறிவிட்டது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உறையும். குளியலறைப் பாட்டிலில் உறைந்திருந்தது, விசிறியின் பேரிங்கிலும் உறைந்திருந்தது. பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் தானாகச் சரியாகும்; மறுநாள் காலை மறுபடி ‘கர்ர்ர்’. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டிருந்தால் சில மாதம் தாக்குப்பிடித்திருக்கும். ஆனால் அரைக்க ஆரம்பித்த விசிறிக்கு எண்ணெய் என்பது எப்படியும் தவணைதான். அறுநூறு ரூபாய் கொடுத்துப் புது விசிறி வாங்கிவிடுவது நல்லது. அப்படி வாங்கும்போது ஸ்லீவ் பேரிங் வேண்டாம், ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் போட்டதாகக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் செலவில்லாமல் தேட ஆரம்பித்தேன். பைக் மெக்கானிக் இன்ஜினில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்பாரே, அதையே செய்தேன். நீளமான, பிடி பெரிதாக உள்ள ஸ்க்ரூடிரைவர். கேபினெட்டின் வெளித்தகட்டில், மேஜையில், மேஜைக் காலில் என்று ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டேன். உள்ளே சர்க்யூட் போர்டுகளின் பக்கம் முனையைக் கொண்டுபோகாதீர்கள்; வெளி இரும்பில் வைத்தாலே போதும். ஹார்ட் டிஸ்க் திருகப்பட்டிருக்கும் சட்டத்துக்கு நேர் வெளியே வைத்தபோது, காதுக்குள் யாரோ தம்புரா மீட்டுவது போலக் கேட்டது. அதைவிடப் பலமாகக் கேட்ட இடம் எது தெரியுமா? மேஜை.

இதுதான் என் மூன்று வருடக் கூத்தின் சாரம். வீணையில் தந்தியைத் தனியாகக் கழற்றி மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூட சரியாகக் கேட்காது. குடத்தில் ஏறினால்தான் கூடம் நிறையும். ஹார்ட் டிஸ்க் வெறும் தந்தி. கேபினெட்டின் தகடும், அதற்கடியில் உள்ளே பொள்ளலான பிளைவுட் மேஜையும் குடம். அதே மேஜையில்தான் மனைவியின் மைக் ஸ்டாண்டும் நின்றது. காற்றில் போன சத்தத்தைவிட, மரத்தின் வழியாக மைக்குக்கு நேரே ஏறிய அதிர்வுதான் நியூஜெர்சிக்கு அதிகம் போயிருக்கிறது.

ஃபோனில் ஸ்பெக்ட்ரம், அதாவது ஒலியில் எந்த அதிர்வு எவ்வளவு பலம் என்ற வரைபடம், காட்டும் இலவசச் செயலி ஒன்றை இறக்கி மேஜைமேல் வைத்தேன். வரைபடத்தில் 120 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 120 அதிர்வில், ஊசி மாதிரி ஒரு முனை. என் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று. அறுபதால் வகுத்தால் நொடிக்கு 120. அப்போதுதான் மனைவி சொன்னது நினைவுக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்த ஸ்தாயியில் ஆறரைக் கட்டை 116.5 ஹெர்ட்ஸ், ஏழு கட்டை 123.5 ஹெர்ட்ஸ். 120 என்பது இரண்டுக்கும் நட்டநடுவில் வருகிறது. எந்தக் கட்டையிலும் சேராத ஸ்ருதியை ஒரு செயலியும் இல்லாமல் அவள் காது எப்போதோ பிடித்துவிட்டது. “நான்தான் சொன்னேனே” என்பதோடு விட்டுவிட்டாள், அந்த மட்டும் புண்ணியம்.

இந்தச் செயலி வைத்தியம் நல்ல வழி. 7200 சுற்று டிஸ்க் என்றால் 120-இல் முனை, 5400 சுற்று என்றால் 90-இல். விசிறிக்கு, இறக்கை எண்ணிக்கையை நொடிக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்க வேண்டும்: 7 இறக்கை, நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் 140. எந்த முனை எதனுடையது என்று தெரிந்துவிட்டால் கையைச் சரியான இடத்தில் வைக்கலாம்.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் பிடிபட்டது. முனகல் ஒரே சீராக இல்லாமல் ஏழெட்டு நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். என்னிடம் இரண்டு டிஸ்க், இரண்டும் 7200. பெயருக்குத்தான் 7200, ஒன்று மற்றதைவிடத் துளி மெதுவாகச் சுற்றும். தம்புராவில் இரண்டு தந்தி கிட்டத்தட்ட சேர்ந்து, ஆனால் முழுக்கச் சேராமல் இருக்கும்போது ‘வொய்ங்... வொய்ங்...’ என்று அலை வருமே, அதேதான். எனவே முதல் வேலையாக ஒரு டிஸ்கைக் கழற்றி வெளிப்புற யூஎஸ்பி பெட்டியில் போட்டேன். சனிக்கிழமை மட்டும் செருகி நகல் எடுத்துவிட்டுப் பிடுங்கிவிடுவேன். ஏறி இறங்கும் அலை அன்றோடு போயிற்று.

மற்றதையும் தூக்கிவிட்டு முழுக்க எஸ்எஸ்டிக்கு மாறலாமே என்பீர்கள். மாறலாம். கட்டுப்படியானால் இந்தக் கட்டுரையில் பாதியை நீங்கள் படிக்கவே வேண்டாம். எஸ்எஸ்டியில் சுற்றுவது எதுவும் இல்லை. என்னிடம் பழைய புத்தகங்களின் ஸ்கேன் 4 டெராபைட் இருக்கிறது, அது டிஸ்கில்தான் இருந்தாக வேண்டும்.

அதற்குத் தூளி கட்டினேன். கேபினெட்டில் முன்பு டிவிடி டிரைவ் இருந்த அறை காலியாகக் கிடந்தது. அதன் அகலம் ஏறக்குறைய 14.6 செ.மீ., டிஸ்கின் அகலம் 10 செ.மீ. இரண்டு பக்கமும் இரண்டு செ.மீ. போல இடைவெளி கிடைக்கும். முதலில் தையல் கடை எலாஸ்டிக் நாடாவை இரண்டு வளையமாகப் பக்கச் சட்டத்துத் துளைகளில் கோத்து, மேல் நாடாவுக்கும் கீழ் நாடாவுக்கும் நடுவில் டிஸ்கைச் செருகினேன். எந்தப் பக்கமும் இரும்பைத் தொடாமல் தொங்கியது. சுவிட்சைப் போட்டேன். போட்டேனா இல்லையா என்று பச்சை விளக்கைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன். முன்பு கடைகளில் விற்கும் கெட்டி ரப்பர் வாஷர்களைத் திருகுக்கு நடுவே போட்டுப் பார்த்திருக்கிறேன், பாதிகூடக் குறைந்ததில்லை. தொங்குவது எவ்வளவு இளகலாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதிர்வு வெளியே வராது. கெட்டி ரப்பரில் அந்த இளகல் இல்லை.

எலாஸ்டிக் நாடா ஏப்ரல் வரை தாங்கியது. சூட்டில் தொய்ந்து, டிஸ்கின் வால் பக்கம் கீழ்த் தகட்டில் உட்கார்ந்துவிட்டது. முனகல் திரும்பி வந்ததால்தான் தெரிந்தது. இப்போது இருப்பது சைக்கிள் டியூப். பஞ்சர் கடையில் பழைய டியூப் ஒன்றை வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, அங்குல அகலத்துக்கு வளையங்களாக வெட்டிக்கொண்டேன். இதைச் செய்கிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வைக்கவும். சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்கைத் தூக்கவோ சாய்க்கவோ கூடாது. டேட்டா கேபிளும் பவர் கேபிளும் விறைப்பாக இருந்தால் அதிர்வு அவற்றின் வழியாகவே இரும்புக்கு இறங்கிவிடும். தாராளமாக ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். கம்ப்யூட்டரை வேறு வீட்டுக்குத் தூக்கிப் போவதென்றால் டிஸ்கை முதலில் கழற்றி எடுத்துவிடுங்கள். இரும்பைத் தொடாததால் டிஸ்கின் சூடு வெளியே போக வழி குறைகிறது. என்னுடையது 38-இலிருந்து 43 டிகிரிக்குப் போயிற்று. முன்னால் ஒரு விசிறி மெதுவாகக் காற்றுத் தள்ளிக்கொண்டிருப்பதால் அதற்கு மேல் ஏறவில்லை. அப்படிக் காற்று படாத இடத்தில் தூளி கட்ட வேண்டாம்.

அப்புறம் மேஜை. கேபினெட்டை மேஜையிலிருந்து இறக்கிக் கீழே ஒரு பழைய மணைமேல் வைத்தேன். மணைக்கு அடியில் பழைய ஹவாய் செருப்பை வெட்டி நாலு மூலைக்கு நாலு துண்டு. வெறும் தரையில் வைத்தால் பெருக்கும் தூசியெல்லாம் உள்ளே போகும், மாப்பு போடும்போது தண்ணீரும். சுவர் மூலையில் ஒட்டி வைக்காதீர்கள். மூலை என்பது முனகலுக்கு ஒலிபெருக்கி. ஒரு சாண் தள்ளி இழுத்து வைத்ததிலேயே வித்தியாசம் தெரிந்தது.

பக்கத் தகடு ஒன்றுதான் பாக்கி. விரல் முட்டியால் தட்டினால் ‘டங்ங்’ என்று நீளும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் உதிரிக் கடைகளில், கதவுத் தகட்டுக்குள் ஒட்டும் டேம்பிங் ஷீட் கிடைக்கும்: ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் பிசுபிசுவென்று கனமான கருப்பு ரப்பர். உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவுக்கு ஒரு துண்டைத் தகட்டின் நடுவில் அழுத்தி ஒட்டினேன். தட்டினால் ‘டொக்’. பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதற்கு நேர் எதிர். இங்கே விரிசல் விட்ட பானைச் சத்தம்தான் நமக்கு வேண்டும். பஞ்சையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பஞ்சு காற்றில் வரும் ஒலியைத் தின்னப் பார்க்கும், இது இரும்பு நடுங்குவதையே நிறுத்தும். தகடு முழுக்க ஒட்டவும் தேவையில்லை, நடுப்பகுதி போதும்.

விசிறிகளில் எனக்குக் காசே செலவாகவில்லை. பின்பக்க விசிறிக்கு 3 ஊசி இணைப்பு. மதர்போர்டு அந்த இணைப்பை 4 ஊசி விசிறி என்று நினைத்து, நாலாவது ஊசி வழியாக வேகத்தைக் கட்டளையிடும் பிடபிள்யூஎம் முறையில் வைத்திருந்தது. 3 ஊசி விசிறிக்கு அந்தக் கட்டளை கேட்காது. முழு மின்னழுத்தத்தில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் போய், அதை மின்னழுத்தத்தைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் டிசி முறைக்கு மாற்றியதும் 1400-இலிருந்து 700 சுற்றுக்கு இறங்கியது. வேகம் பாதியானால் விசிறிச் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகத் தோன்றும். அதே நேரம் ஒரே மாதிரி இரண்டு விசிறி வைத்தால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். வேகமாக ஓடும் ஒன்றைவிட மெதுவாக ஓடும் இரண்டு மேல்.

புராசஸர் விசிறியில் தொந்தரவு வேகம் அல்ல, அலைபாய்வு. திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தால் ‘ஹ்ஹூம்’, மூடினால் ‘ஹ்ம்ம்’. சீரான சத்தத்தைக் காது மறந்துவிடும், மாறுகிற சத்தத்தை விடாது. பயாஸில் விசிறி அமைப்பு இருக்கும் பக்கத்தில் 60 டிகிரி வரை ஒரே வேகம் என்று சமதரையாக வைத்து, அதற்குப் பிறகு ஏற்றம் கொடுத்தேன். சூடு ஏறியதும் சில நொடி பொறுத்து வேகமெடுக்கச் சொல்லும் ‘ஸ்டெப் அப்’ நேரத்தையும் கூட்டினேன். மே மாதத்தில் அறையே 34, 35 டிகிரி இருக்கும்போது இந்தச் சமதரை எடுபடாது. அப்போது தலைக்கு மேல் விசிறி ஓடுவதால் யாருக்கும் கேட்கவும் கேட்காது. வேகத்தைக் குறைத்தபின் ஒரு மணி நேரம் கனமான வேலை கொடுத்துச் சூட்டைப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் முடித்து, மார்கழி விடிகாலையில் வகுப்புக்கு முன் பெருமையாக உட்கார்ந்தால் இன்னும் மெலிதாக ஒரு ‘ம்ம்’. எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. டிஸ்க் தூளியில்தான் இருந்தது, எதையும் தொடவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தேன். ‘ம்ம்’ நிற்கவில்லை! ஃபோனை எடுத்து வைத்தேன். முனை 120-இல் இல்லை, 100-இல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு அதன் இரண்டு மடங்கில், 100-இல் அதிரும். சுவரில் அடித்த மரப் பலகைமேல் இத்தனை வருடமாக உட்கார்ந்திருந்த யூபிஎஸ். பலகை முழுக்க அதற்குக் குடம். கீழே இறக்கித் தேங்காய் நார் கால்மிதி ஒன்றின்மேல் வைத்தேன், காற்றுத் துளைகள் மூடாதபடி. முடிந்தது. முதல் நாளே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கேட்டிருந்தால், எது கம்ப்யூட்டர் சத்தம், எது இல்லை என்று அன்றே பிரிந்திருக்கும்.

பவர் சப்ளையை மட்டும் திறக்கவில்லை, நீங்களும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளை அடிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும். விசிறி அரைத்தால் முழுப் பெட்டியையும் மாற்றிவிடுவதுதான் வழி. விளையாட்டுக்காரர்கள் வீட்டில் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து ‘கீய்ய்’ என்று கொசுக் குரல் வரும். அது கார்டில் இருக்கும் கம்பிச் சுருள்களின் அதிர்வு. நொடிக்கு இத்தனை ஃப்ரேம் போதும் என்று வரம்பு வைத்தால் பெரும்பாலும் அடங்கும். என்னிடம் அந்தக் கார்டு இல்லை, என் தங்கை மகன் வீட்டில் செய்து பார்த்தது.

வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு முதல் நாள் கேபினெட்டை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்த் தூசி ஊதுகிறேன். தூளியிலிருந்து டிஸ்கை இறக்கிவிட்டுத்தான். புளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இஷ்டத்துக்குச் சுழலவிட்டால் பேரிங் போகும், விசிறி ஜெனரேட்டராக மாறி போர்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும். அப்போதே டியூப் வளையங்களை இழுத்துப் பார்ப்பேன். இந்த வருடம் ஒன்றில் மயிரிழை விரிசல் தெரிந்தது, இரண்டையும் மாற்றிவிட்டேன். மறுநாள் மனைவி சந்தனம் குங்குமம் வைக்க வந்தாள். முன்பக்கக் காற்றுத் துளைக்கு நேராகக் கையைக் கொண்டுபோனாள். “அங்க வேண்டாம், மேல வை” என்றேன். போன வருடம் அங்கே வைத்த குங்குமம்தான் முன் விசிறியின் இறக்கையெல்லாம் சிவப்பாக ஒட்டியிருந்தது.